ஊர் முழுக்க வருத்தம்

வவுனியாவில் பேருந்தை விட்டு இறங்கி, முழங்காலைத் தடவிக்கொண்டு ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்றேன். கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, ஏதும் வருத்தமோ?" என்றார். ஓய்வு பெற்ற வயதில் தங்கச்சி என்று அழைக்கப்பட்ட பூரிப்பில், "எனக்கென்ன வருத்தம், சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பால் விடாத தேநீரையும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டையும் நீட்டினார். இந்தப் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய் என்பது சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் திருச்சியில் மனசுக்கு வருவது இங்கே உடம்புக்கு வருகிறது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் நோயைப் பற்றி விசாரிக்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையில் புள்ளிவிவரப் பிரிவில் காலம் தள்ளியவள் நான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், எழுதிக்கொடுத்த மருந்து கைக்குக் கிடைத்ததா என்று எண்ணுவதே பிழைப்பு. கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனம், வன்னியில் அரசாங்கம் நடத்தும் சின்ன மருத்துவமனைகள் எவ்வளவு ஒழுங்காக நடக்கின்றன என்று அளந்து தரும்படி கூப்பிட்டிருந்தது. வெளியாள் அளந்தால்தான் நம்புவார்களாம். தமிழும் தெரிந்திருக்க வேண்டுமாம். வந்த அன்றைக்கே 'வருத்த'த்தில் தடுக்கி விழுந்த பிறகு, இரண்டாவது தகுதி எனக்கு இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

நல்லவேளையாக ரிஸ்னா இருந்தாள். முல்லைத்தீவுப் பெண். யுத்த காலத்தில் அவளுடைய குடும்பம் ஊரைவிட்டுப் போக நேர்ந்து, புத்தளத்தில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. அதனால் அவளுக்குத் தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் வரும். இந்த ஆய்வில் எனக்கு உதவியாளர் என்று நியமிக்கப்பட்டிருந்தாள். முதல் நாள் இரவு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிடும்போது, நான் சொதியை ரசம் என்று நினைத்துக் குடிக்கப் போனதைத் தடுத்ததிலிருந்து எனக்குப் பாதுகாவலரும் ஆகிவிட்டாள்.

மறுநாள் கிளிநொச்சிப் பக்கம் போனோம். தனியார் பேருந்து. முன்னால் சாமி படங்களுக்குச் சுற்றிலும் கண்ணைச் சிமிட்டும் விளக்குகள். பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு நிறுத்தத்தில் யாரும் ஏறவில்லை. ஒரு பெண்மணி மட்டும் ஓடிவந்து கண்டக்டரிடம் மருந்துப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "மாமியிட்டக் குடுத்துவிடுங்கோ, பச்சைக் கேற்" என்றார். சில கிலோமீட்டர் தள்ளிப் பச்சைக் கதவு வந்தது, பேருந்து நின்றது, மாமியும் நின்றார். நான் அளக்க வந்த பட்டியலில் இந்தக் கண்டக்டருக்கு இடமே இல்லை.

கண்டாவளைப் பக்கத்து மருத்துவமனையில் என் வேலை படு சுலபமாக இருந்தது; அதுதான் கவலையாகவும் இருந்தது. என்னிடம் இருந்த டேப்லெட்டில் கேள்விகளுக்குக் கீழே அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து படங்கள். யாரைக் கேட்டாலும் சிரிக்கிற முகத்தையே தொட்டார்கள். "டாக்டர் எப்படி?" "நல்லம்." "காத்திருந்த நேரம்?" "நல்லம்." காத்திருந்த நேரம் எப்படி நல்லதாக இருக்க முடியும் என்று ஒரு விவசாயியைக் கேட்டேன். அவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "கதிரை போட்டிருக்கு, காத்தாடி சுத்துது, கதைக்கச் சனமிருக்கு. பிறகென்ன?" என்றார். எங்கள் ஊரில் இதே கேள்வியைக் கேட்டால் கலெக்டர் வரை திட்டு போகும். இங்கே எல்லாரும் என்னை அரசாங்கம் என்று நினைத்து மரியாதை செய்தார்கள்.

"உங்களுக்குப் புள்ளி போடுறாங்க மேடம், ஆசுப்பத்திரிக்கு இல்ல" என்றாள் ரிஸ்னா.

மூன்றாம் நாள் நெடுங்கேணியைத் தாண்டி உள்ளே ஓர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகப் புரியும். நெடுங்கேணிச் சந்தையில் இறங்கி, மீன் பணிஸ், அதாவது மீன் வைத்த பன், வாங்கிக்கொண்டு, ஓட்டோ பிடித்தோம். தார் முடிந்து கிரவல் பாதை தொடங்கியது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் யானைக்காக மின்வேலி போட்ட காடு. நேற்று மாலை இந்த இடத்தில்தான் ஒரு கொம்பன் நின்றது என்று ஓட்டோக்காரர் கையைக் காட்டினார். அவர் காட்டிய அதே இடத்தில் சக்கரம் காற்றை விட்டது. மாற்றுச் சக்கரம் வீட்டில் இருக்கிறதாம். யானை எந்தப் பக்கமாக வரும், நான் எந்தப் பக்கமாக ஓடுவது என்று நான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கையில் ஒரு ட்ராக்டர் வந்தது. பின்னால் இணைத்த பெட்டி நிறைய ஆட்கள். "ஆசுப்பத்திரிக்கோ? ஏறுங்கோ, ஏறுங்கோ!" என்று கை கொடுத்து எங்களை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் ஏறியதும் எனக்குத் திக்கென்றது. எல்லாரும் நோயாளிகள். வெயிலில் போர்வை போர்த்தியிருந்தார்கள், நெற்றியில் துணி கட்டியிருந்தார்கள். ஊரில் ஏதோ தொற்றுநோய் போலிருக்கிறது என்று முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். அப்போதுதான் நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், கல்யாண வீட்டில் சமையல் வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் போல ஆட்களைப் பார்த்துப் பேசுவது காதில் விழுந்தது.

"எல்லாரும் காய்ச்சல் எண்டு சொல்லாதேங்கோ. டொக்டர் பயந்துபோவா. நீ வயித்துக்குத்து. உனக்குத் தலையிடி."

"எனக்கு இடுப்பு நோ எண்டு சொல்லட்டே, புஸ்பராணியக்கா?"

"சரி, நீ இடுப்பு. இவர் இருமட்டும். எங்கட மனுசனுக்கு நெஞ்செரிவு குடுத்திருக்கிறன், வேற ஆரும் அதை எடுக்காதேங்கோ. கொழும்பு ஆக்கள் வெள்ளை வாகனத்தில வருவினமாம். வாகனத்தைக் கண்ட உடன முனகத் தொடங்குங்கோ."

ரிஸ்னா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் வாயைத் திறந்தால் திருச்சித் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும். புஸ்பராணி எங்கள் பக்கம் திரும்பி, "அக்காவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"தொண்டை" என்றாள் ரிஸ்னா. "கதைக்க ஏலாது."

"உண்மையாவோ?"

நான் பரிதாபமாகத் தலையாட்டினேன். பெட்டியில் இருந்த ஒரே நிஜ நோயாளி என்று நினைத்து, என்னைக் குலுங்காத மூலைக்கு நகர்த்தி உட்காரவைத்தார்கள்.

மருத்துவமனை ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். முன்னால் ஒரு வேம்பு. வெளிநோயாளர் பிரிவு நிரம்பி முற்றம் வரை வரிசை. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடித்துக் கட்டிய சாரத்தோடு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் சிவபாதம். புஸ்பராணியின் கணவர்.

அவரிடம் போய், "வெள்ளை வண்டியிலே வர வேண்டிய ஆள் நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ட்ராக்டரைப் பார்த்தார், இறங்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். புஸ்பராணி வாயில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, தொண்டையக்கா!" என்றார்.

வேம்படிக்கு என்னைக் கூட்டிப்போய் சிவபாதம் எதையும் மறைக்காமல் சொன்னார். கொழும்பிலிருந்து கணக்கெடுக்க வருகிறார்கள், ஆள் வராத மருத்துவமனைகளைப் பூட்டிவிடுவார்கள் என்று ஊரில் கதை பரவிவிட்டது. அதனால் வீட்டுக்கு ஓராள் என்று கட்டாயமாக வரச் சொல்லியிருக்கிறார்.

"மற்ற நாளில ஆள் வாறது குறைவுதான் மேடம். நெல்லு வெட்டுக் காலம். ஆர் வயலை விட்டிட்டு வருவினம்? ஆனா இந்த ஆசுப்பத்திரி இல்லாத காலத்தில எங்கட தமையனைப் பாம்பு கடிச்சு, ட்ராக்டர் பெட்டியிலதான் ஏத்திக்கொண்டு போனனான். வவுனியா போகமுன்னம் என்ர மடியில முடிஞ்சுது. இப்ப பாம்பு கடிச்சால் இஞ்சயே ஊசி இருக்கு. அதுக்காக நாங்கள் ஒவ்வொரு நாளும் வருத்தப்பட ஏலாதுதானே?"

இத்தனை வருஷம் நான் எண்ணிய எண்ணிக்கையெல்லாம் வந்தவர்களுடையது. வராமல் நலமாக இருந்தவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் பேசும்போது வியர்த்துக் கொட்டியது; சால்வையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பொய் பிடிபட்ட கூச்சம் என்று நினைத்தேன். "உள்ளே போய் உட்காருங்க, பேசிக்கலாம்" என்றேன். "இல்லை, சனத்தை முதல்ல விடவேணும்" என்று மறுபடியும் வரிசைக்கு ஓடினார்.

மருத்துவர் தில்ருக்ஷி குருணாகலில் இருந்து வந்த இளம் பெண். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கண்ணில் கலவரம். இந்த நாடகம் அவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் உண்மையான நோயாளியாகவே பார்த்தார். நான் உள்ளே போனபோது தொலைபேசியில் சிங்களத்தில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். ரிஸ்னா என் காதில் மொழிபெயர்த்தாள்: "'ஒரே நாளில் ஊரே வந்திருக்கு, கிணற்றுத் தண்ணியைப் பரிசோதிக்க ஆள் அனுப்புங்கள்' எண்டு சொல்றா."

இதற்கு மேல் சும்மா இருக்க முடியாது. நான் யார் என்று சொல்லி, வெளியே நடப்பதையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது சிவபாதம் உள்ளே வந்தார். எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசி எண் சீட்டைக் கையில் வைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, "நெஞ்செரிவு டொக்டர்" என்றார். பாடம் ஒப்பிக்கிற குரல்தான். ஆனால் தில்ருக்ஷி பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்தார், கையைத் தொட்டார்; கை சில்லிட்டிருந்தது.

"எப்ப இருந்து?"

"விடிய இருந்து."

"கை வலியா?"

"இந்தக் கை ஒரு மாதிரி... பாரமா..."

அடுத்த நிமிடம் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தாதி ஒருவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். இயந்திரத்திலிருந்து காகிதம் வந்தது. தில்ருக்ஷி அதைப் படித்துவிட்டு மறுபடி தொலைபேசியை எடுத்தார். இந்தத் தடவை குரலில் கலவரம் இல்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "மாரடைப்பு. உண்மையானது. இப்பவே அனுப்புறேன், ஆயத்தமா இருங்கள்" என்று ரிஸ்னா எனக்குச் சொன்னாள். சிவபாதத்தின் வாயில் மாத்திரைகளைப் போட்டு மென்று விழுங்கச் சொன்னார்கள்.

அம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. ஆனால் முற்றம் முழுக்கச் சனமும் ட்ராக்டரும் சைக்கிளும். யார் கத்தியது என்று தெரியவில்லை: "சிவபாதமண்ணைக்கு நெஞ்சு! உண்மையாத்தான்!" போர்வைகள் பறந்தன. இடுப்பு நோக்காரி ட்ராக்டர் பெட்டியில் தோள் கொடுத்துத் தள்ளினாள். வயிற்றுக்குத்துக்காரர் சைக்கிள்களை இரண்டு இரண்டாகத் தூக்கி வேலிக்கு அப்பால் போட்டார். அத்தனை ஆரோக்கியமான நோயாளிகளை நான் பார்த்ததே இல்லை. பாதை திறந்தது.

தில்ருக்ஷி தாதியிடம் பொறுப்பைச் சொல்லிவிட்டுத் தானும் வண்டியில் ஏறிக்கொண்டார். புஸ்பராணியை ஏற்ற நாங்கள் இருவரும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. ரிஸ்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்செரிவு நான்தான் குடுத்தனான் பிள்ளை. நான்தானே அவருக்குப் பிரிச்சுக் குடுத்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கதவு மூடியது. புழுதி அடங்கும் வரை யாரும் அசையவில்லை.

அதற்குப் பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வேம்படியில் உட்கார்ந்தார்கள். யாரோ தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்கள். நான் வாங்கிய மீன் பணிஸ் பையில் நசுங்கிப் போயிருந்தது. பிய்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். சாயங்காலம் அம்புலன்ஸ் திரும்பி வந்தது. தில்ருக்ஷி இறங்கி, "ஊசி போட்டாங்க. ஆள் கதைக்கிறார்" என்றார். ஊரே மூச்சு விட்டது.

அப்போது நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு முகம் சிவந்தது. சனத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அவர் விடியவே நெஞ்சு நோவோட இங்க நிண்டிருக்கிறார். நான் பொய் வயிறு பாத்தேன், பொய் தலை பாத்தேன். அவர் வெளிய வரிசை பாத்தார். இன்னும் கொஞ்சம் போயிருந்தா?"

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரிஸ்னா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "இந்தக் கூட்டம் இல்லாட்டி அவர் இண்டைக்கு வயலிலதான் நிண்டிருப்பார் டொக்டர்."

அதுவும் உண்மை. எது எதை மிஞ்சுகிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தில்ருக்ஷி திரும்பி நடந்தார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்தார். சற்று நேரம் கழித்து இடுப்பு நோக்காரி எழுந்து வாசலில் போய் நின்றாள்.

"டொக்டர், இடுப்பு பொய். ஆனா எனக்கு இரவில ஒரே தண்ணி விடாய். எழும்பி எழும்பிப் போறன். உடம்பும் மெலிஞ்சு போச்சு. அதைச் சொல்லட்டே?"

"வாங்க" என்றார் தில்ருக்ஷி. "அதை முதல்ல சொல்லியிருக்கலாம்."

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எக்கச்சக்கம். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். இந்தத் தடவை யாரும் நோயைப் பிரித்துக் கொடுக்கவில்லை. காதில் சரியாகக் கேட்காதவர் வந்தார். வயல் வேலையில் வெட்டுப்பட்ட காயத்தை மறைத்தவர் வந்தார். பலருக்கு ஒன்றும் இல்லை. "எனக்கு உண்மையா ஒண்டுமில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் டேப்லெட்டை எடுக்கவே இல்லை.

அன்றிரவு கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்த மருத்துவமனையைப் பூட்டும் யோசனை உண்டா என்று கேட்டேன். "அது அமைச்சின் பாடு. நாங்கள் அளந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்" என்றார் பொறுப்பாளர். இதே வாக்கியத்தை நானும் எத்தனை ஊர்களில் சொல்லியிருப்பேன்! காது கொடுத்துக் கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது. அந்த ஊரின் அன்றைய எண்ணிக்கை எதற்கும் உதவாது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதித் தருகிறேன், அடுத்த மருத்துவமனைக்கு இருக்கிற தூரத்தையும் எழுதுகிறேன், அதைச் சேர்க்காவிட்டால் அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்றும் சொன்னேன். பொறுப்பாளர் அதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "எழுதுங்கோ, பாப்பம்" என்றார்.

ஊருக்குத் திரும்பும் முன் வவுனியா மருத்துவமனையில் சிவபாதத்தைப் பார்க்கப் போனோம். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புஸ்பராணி தோடம்பழம் என்கிற ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிவபாதம் கேட்டது தன் இதயத்தைப் பற்றி இல்லை.

"மேடம், அண்டைக்கு எத்தினை பேர் எண்டு போட்டனீங்கள்?"

"போடலைங்க. அது பொய்க் கணக்கு. நடந்ததை எழுதியிருக்கேன், அவ்வளவுதான். பூட்டுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது."

அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார். "சரி. நீங்கள் செய்யக்கூடியதைத்தானே செய்யலாம்" என்றார்.

புஸ்பராணி பழச்சுளையை அவர் கையில் வைத்தார். "உங்களுக்கு நான் வேற வருத்தம் குடுத்திருக்கலாம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"விசர்க்கதை கதைக்காதை. நீ தர முன்னமே எனக்கு அது இருந்தது. படுக்கையால எழும்பேக்கயே எரிஞ்சது. நல்லதாப் போச்சு, நடிக்கத் தேவையில்லை எண்டு நினைச்சனான்."

புஸ்பராணியின் கை அப்படியே நின்றது. அவர் அழப்போகிறார் என்று நான் நகர்ந்து வழிவிட்டேன். அவர் அழவில்லை. கணவருடைய கையில் வைத்த சுளையைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். "அப்ப அதை விடியவே என்னட்டச் சொல்லியிருக்கலாமே! அண்டு முழுக்க நான்தான் உங்களைக் கொன்றுபோட்டன் எண்டு செத்துக்கொண்டிருந்தனான்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். தாதி ஓடிவந்து எங்களை வெளியே அனுப்பினார். ரிஸ்னா படியிறங்கும் வரை அடக்கி வைத்திருந்து, வாசலில் வந்துதான் சிரித்தாள்.

திருச்சிக்கு வந்து சில வாரங்கள் கழித்து அவளிடமிருந்து அழைப்பு வந்தது. நான் எழுதிய பக்கம் அறிக்கையில் வந்துவிட்டதாம். அந்த மருத்துவமனையை இப்போதைக்குத் தொடப் போவதில்லை என்று தில்ருக்ஷிக்குச் சொல்லியிருக்கிறார்களாம். இப்போதைக்கு என்றால் எதுவரை என்று யாருக்கும் தெரியாதாம்.

"சிவபாதமண்ணை?" என்று கேட்டேன். அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாசம் மாசம் கிளினிக்குக்கு வாறாராம் மேடம். விடியவே வந்து வரிசையில முதலாவதா நிக்கிறாராம். ஆர் கேட்டாலும் இடம் விடுறாரில்லையாம்."